டெட்லைன் நாளில் எல்லாரையும் விற்ற ஹாக்கி அணி எப்படித் திரும்ப எழுகிறது?

கேள்வி இதுதான்: வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் ஒரு அணி, பருவத்தின் நடுவே வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாளான டிரேட் டெட்லைனுக்குள் தன் முக்கிய ஆட்டக்காரர்களை விற்றுவிட்டது. பதிலுக்குக் கிடைத்தவை, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளான சில டிராஃப்ட் பிக்குகளும் பெரிதாகப் பெயர் தெரியாத சில இளைஞர்களும்தான். இதை வைத்துக்கொண்டு ஓர் அணியை எப்படிக் கட்டுவார்கள், எத்தனை வருடம் பிடிக்கும்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விற்றதற்குப் பதிலாக வந்த சரக்கு நேரடியாக அணியாக மாறுவது மிகவும் குறைவு. விற்றதால் காலியான இடங்கள்தான் பெரும்பாலும் அணியைக் கட்டுகின்றன. களத்தில் காலியான நிமிடங்கள், சம்பளக் கணக்கில் காலியான பணம், நிர்வாகத்தின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த "இந்த வருடமே ஜெயிக்க வேண்டும்" என்ற நெருக்கடி விலகியதால் கிடைத்த அவகாசம், இந்த மூன்றும். இதை ஒரே அணியின் கதையில் முழுதாகப் பார்க்கலாம்: 2018-இன் நியூயார்க் ரேஞ்சர்ஸ். நான் மிகவும் விரும்பித் தொடர்ந்த கதை இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ரேஞ்சர்ஸ் அதற்கு முன் பல வருடங்கள் நல்ல அணி. 2014-இல் லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச் சுற்று வரை போய் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸிடம் தோற்றார்கள். அந்த ஓட்டத்துக்காக எதிர்காலத்தை அடகு வைத்திருந்தார்கள். 2013 முதல் 2016 வரை நான்கு டிராஃப்டுகளில் தொடர்ச்சியாக முதல் சுற்று பிக்கே அவர்களிடம் இல்லை. ரிக் நாஷ், மார்ட்டின் செயின்ட் லூயி, கீத் யாண்டில் ஆகியோரைக் கொண்டுவர எல்லாவற்றையும் கொடுத்துவிட்டிருந்தார்கள். டிராஃப்ட் என்பது ஒவ்வொரு கோடையிலும் 18 வயது இளைஞர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள். ஒவ்வொரு அணிக்கும் கிடைக்கும் அந்த முறைதான் பிக். நான்கு வருடம் முதல் சுற்றில் யாரையும் எடுக்காவிட்டால், அதன் வலி உடனே தெரியாது. நான்கைந்து வருடம் கழித்து, மூத்தவர்கள் தளரும்போது பின்னால் ஆளில்லை என்று தெரியவரும்.

2018 பிப்ரவரி 8 அன்று ரேஞ்சர்ஸ் தலைவர் கிளென் சேத்தரும் பொது மேலாளர் ஜெஃப் கார்ட்டனும் ரசிகர்களுக்கு ஒரு வெளிப்படையான கடிதம் எழுதினார்கள். அணியை இளமையாக்கப் போகிறோம், உங்களுக்குப் பழகிய, பிடித்த முகங்கள் சில போகக்கூடும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். தோற்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே ரசிகர்களிடம் நேராகச் சொன்ன அந்த நேர்மையை நான் இன்றும் மதிக்கிறேன். அப்புறம் சொன்னபடியே செய்தார்கள். மைக்கேல் கிராப்னர் நியூ ஜெர்ஸிக்குப் போனார். பிப்ரவரி 25-இல் ரிக் நாஷ் பாஸ்டனுக்கு. மறுநாள், டெட்லைன் நாளன்று, கேப்டன் ரயன் மெக்டோனாவும் ஜே.டி. மில்லரும் டாம்பா பேவுக்கு.

இப்போது வந்த சரக்கைப் பார்ப்போம்.

கேப்டனையும் மில்லரையும் கொடுத்ததற்கு விளாடிஸ்லாவ் நமெஸ்ட்னிகோவ், பிரெட் ஹௌடன், லிபோர் ஹாயெக், ஒரு முதல் சுற்று பிக், நிபந்தனையோடு இன்னொரு பிக். காகிதத்தில் கனமான பட்டியல். ஆனால் நமெஸ்ட்னிகோவ் 2019 அக்டோபரிலேயே ஒட்டாவாவுக்குப் போய்விட்டார். ஹாயெக் கடைசி வரை அணியில் நிலையான இடம் பிடிக்கவில்லை. ஹௌடன் 2021-இல் வேகஸுக்கு மாற்றப்பட்டு, 2023-இல் அங்கே கோப்பை வென்றார். முதல் சுற்று பிக்கில் எடுத்த நில்ஸ் லுண்ட்க்விஸ்ட் என்ற தற்காப்பு வீரர், இடம் கிடைக்காமல் 2022-இல் டல்லாஸுக்குப் போனார். அதாவது அந்த டெட்லைனின் மிகப் பெரிய பரிமாற்றத்தில் வந்த எவரும் பின்னாளைய நல்ல ரேஞ்சர்ஸ் அணியின் தூணாக ஆகவில்லை.

நாஷுக்குக் கிடைத்ததில் கதை வேறு. அவருடைய சம்பளத்தில் பாதியை ரேஞ்சர்ஸே தாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. ஒரு வீரரின் சம்பளத்தில் அதிகபட்சம் 50 சதவீதம் வரை விற்கும் அணி தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. வாங்கும் அணிக்கு டெட்லைன் நேரத்தில் சம்பள வரம்பு, அதாவது ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தின் உச்சம், கழுத்தை நெரிக்கும். பாதிச் சம்பளத்தில் ஆள் கிடைத்தால் கூடுதலாகவே கொடுப்பார்கள். எப்படியும் தோற்கப் போகிற அணிக்கு அந்தப் பருவத்தின் மிச்சப் பணத்தால் வேறு பயன் இல்லை. பணத்தை பிக்காக மாற்றும் வழி இது. நாஷுக்கு ஒரு முதல் சுற்று பிக், ரயன் ஸ்பூனர், மாட் பெலெஸ்கி, அப்புறம் ரயன் லிண்ட்கிரென் என்ற இளைஞர். அன்றைக்குப் பட்டியலின் ஓரத்தில் இருந்த பெயர் லிண்ட்கிரென். என்.எச்.எல்.-இல் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. அவர்தான் பின்னால் ஏழு பருவங்கள் ரேஞ்சர்ஸுக்காக ஆடினார், அதில் பெரும்பகுதி முதல் ஜோடித் தற்காப்பில். ஸ்பூனரை அதே ஆண்டு நவம்பரில் எட்மன்டனுக்குக் கொடுத்து ரயன் ஸ்ட்ரோமை வாங்கினார்கள். இரண்டு அணிகளும் கைவிட்ட இருவரை மாற்றிக்கொண்ட சின்னப் பரிமாற்றம். ஸ்ட்ரோம் இரண்டாவது வரிசை சென்டராக நிலைத்துவிட்டார்.

நாஷுக்கு வந்த முதல் சுற்று பிக் 26-ஆவது. கிராப்னருக்கு வந்த இரண்டாம் சுற்று பிக் 48-ஆவது. டிராஃப்ட் நாளில் இந்த இரண்டையும் சேர்த்து ஒட்டாவாவிடம் கொடுத்து 22-ஆவது இடத்துக்கு ஏறி, கேயாண்ட்ரே மில்லர் என்ற உயரமான தற்காப்பு வீரரை எடுத்தார்கள். இரண்டு மூத்த முன்கள வீரர்கள் சேர்ந்து ஒரு 18 வயதுப் பையனாக மாறினார்கள். அவர் ரேஞ்சர்ஸுக்கு ஆட வந்தது 2021 ஜனவரியில், கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து. பிக் என்பது இப்படித்தான். வாங்கும் நாளில் அது பெயர் இல்லாத ஒரு எண், முகம் வர வருடக்கணக்கில் ஆகும். டெட்லைன் முடிந்த இரவே பரிமாற்றங்களுக்கு மதிப்பெண் போடுபவர்களை அதனால்தான் நான் நம்புவதில்லை.

நிபந்தனை பிக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுத்த வருடம், 2019 டெட்லைனில், ரசிகர்களின் செல்லப்பிள்ளையான மாட்ஸ் ஸுக்கரெல்லோ டல்லாஸுக்குப் போனார். கிடைத்தது ஒரு இரண்டாம் சுற்று பிக்கும் ஒரு மூன்றாம் சுற்று பிக்கும். டல்லாஸ் மேற்குப் பிரிவின் இறுதிக்குப் போனால் அந்த இரண்டாம் சுற்று பிக் முதல் சுற்றாக உயரும். அவர் டல்லாஸிலேயே மறுபடி ஒப்பந்தம் போட்டால் மற்றதும் உயரும். ஸுக்கரெல்லோ டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே கை உடைந்தது. தேறி, பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்கு வந்தார். டல்லாஸ் செயின்ட் லூயிஸோடு ஏழாவது ஆட்டம் வரை போய், இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஒரு கோலில் தோற்றது. அந்தக் கோடையில் அவர் மின்னசோட்டாவுக்குப் போய்விட்டார். வேறு இரண்டு அணிகள் வேறு ஊரில் ஆடிய ஆட்டத்தின் கடைசிக் கோல், ரேஞ்சர்ஸின் பிக்கைத் தீர்மானித்தது.

சரி, சரக்கின் கதை இது. இனி காலியிடத்தின் கதை. பதிலின் முக்கியமான பகுதி இதுதான்.

டெட்லைன் முடிந்த பிறகு பருவத்தில் சுமார் இருபது ஆட்டங்கள் மிச்சம் இருக்கும். பலர் இந்த ஆட்டங்களைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். நிர்வாகத்துக்கோ இவை மிகவும் பயனுள்ள வாரங்கள். அணியில் 23 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு டெட்லைனுக்குப் பிறகு விலகிவிடும். சம்பள வரம்பு மட்டும் தொடரும். கீழ்நிலை லீக்கிலிருந்து இளைஞர்களை மேலே கொண்டுவந்து, மூத்தவர்கள் ஆடிய நிமிடங்களை அவர்களுக்குக் கொடுக்கலாம். 2018-இல் அப்படி நிமிடங்கள் பெற்றவர் நீல் பியாங்க். எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத கல்லூரி வீரர். கடிதம் வெளியான அதே மாதத்தில் மேலே வந்து, மெக்டோனா போன பிறகு அவருடைய சுமையில் பெரும்பகுதியைத் தூக்கினார். 28 ஆட்டங்களில் 14 புள்ளிகள் (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு). ஒரு வருடம் கழித்து வின்னிபெக்கிலிருந்து ஜேகப் டிரூபாவை வாங்க ரேஞ்சர்ஸ் கொடுத்தது இந்தப் பியாங்கையும் ஒரு முதல் சுற்று பிக்கையும்தான். அந்த பிக்கும், கெவின் ஹேய்ஸை 2019 டெட்லைனில் வின்னிபெக்குக்கு விற்றபோது அதே வின்னிபெக் கொடுத்ததுதான். பைசா செலவில்லாமல் வந்த கல்லூரிப் பையனின் மதிப்பு, காலியான இருபது ஆட்டங்களில் உருவானது.

அலெக்சாண்டர் ஜியார்ஜியெவ் என்ற கோல்கீப்பரும் அதே பிப்ரவரியில் அறிமுகமானவர். அவரையும் யாரும் டிராஃப்டில் எடுத்திருக்கவில்லை. நான்கு பருவங்களுக்கு மேல் ரேஞ்சர்ஸுக்கு ஆடி, 2022-இல் கொலராடோவுக்குப் போனபோது அவருக்குப் பதிலாக பிக்குகள் வந்தன.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அமெரிக்கக் கல்லூரிப் பருவம் முடியும். யாரும் எடுக்காத கல்லூரி வீரர்கள் எந்த அணியோடும் ஒப்பந்தம் போடலாம். அவர்கள் முதலில் பார்ப்பது எங்கே இடம் காலியாக இருக்கிறது என்பதைத்தான். எல்லா இடமும் நிரம்பிய வலுவான அணியைவிட, விற்றுத் தீர்த்த அணிக்கு அந்த நேரத்தில் சாதகம் அதிகம்.

அடுத்தது பணம். என்.எச்.எல்.-இல் சம்பள வரம்பு கண்டிப்பானது. மீறிவிட்டு வரி கட்டித் தப்பிக்கும் வழி கிடையாது. 2019-20 பருவத்தில் அது 8.15 கோடி டாலர். நாஷ், மெக்டோனா, ஹேய்ஸ், ஸுக்கரெல்லோ எல்லாரும் போனதால் ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை திறக்கும் நாளான 2019 ஜூலை 1 அன்று, அந்தச் சந்தையின் மிகச் சிறந்த முன்கள வீரரான ஆர்டெமி பனாரினுக்கு ஏழு வருட ஒப்பந்தம் கொடுக்க முடிந்தது. வருடத்துக்குச் சுமார் 1.16 கோடி டாலர். டெட்லைனில் வந்த எல்லாரையும் ஒரு தட்டில் வைத்து, பனாரினை மறு தட்டில் வைத்தால் பனாரின் பக்கம்தான் தாழும். அவரை எந்தப் பரிமாற்றமும் தரவில்லை. விற்றதால் உண்டான வெற்றிடம் தந்தது.

ஆடம் ஃபாக்ஸின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். லாங் ஐலண்டில் ரேஞ்சர்ஸ் ரசிகராக வளர்ந்தவர். 2016-இல் கால்கரி அவரை மூன்றாம் சுற்றில் எடுத்தது. அங்கிருந்து கரோலினாவுக்கு மாற்றினார்கள். ஹார்வர்டில் படித்துக்கொண்டே ஆடினார், கரோலினாவோடும் ஒப்பந்தம் போடவில்லை. அவர் எங்கே வர விரும்புகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2019 ஏப்ரல் 30 அன்று ஒரு இரண்டாம் சுற்று பிக்கும் நிபந்தனையோடு ஒரு மூன்றாம் சுற்று பிக்கும் கொடுத்து ரேஞ்சர்ஸ் அவரை வாங்கியது. இரண்டாவது பருவத்திலேயே, 2021-இல், லீக்கின் சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் விருது வாங்கினார். அப்போது சம்பள வரம்புக் கணக்கில் அவருடைய செலவு 9.25 லட்சம் டாலர்தான். புதியவர்களின் முதல் ஒப்பந்தத்துக்கு உச்ச வரம்பு இருப்பதால் அப்படி. அடுத்த ஒப்பந்தத்தில் அது வருடத்துக்கு 95 லட்சமாக உயர்ந்தது. இளம் நட்சத்திரம் மலிவாகக் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று வருட இடைவெளியில்தான் பனாரின் மாதிரி ஒருவருடைய செலவைத் தாங்க முடியும். மறுசீரமைப்பின் கணக்கு முழுவதும் இந்த இடைவெளியைச் சுற்றியே ஓடுகிறது. அதோடு, ஃபாக்ஸின் ஜோடியாக நின்றவர் யார் தெரியுமா? அமெரிக்க இளையோர் பயிற்சி அணியில் அவரோடு ஆடிய அதே லிண்ட்கிரென்.

யாரை விற்கக் கூடாது என்பதும் இதற்குச் சமமான கேள்வி. 2016-இல் ஒட்டாவாவிலிருந்து வந்த மிகா ஸிபனெஜாடை அவர்கள் தொடவில்லை. 2020 டெட்லைனில் எல்லாரும் கிறிஸ் கிரைடர் போய்விடுவார் என்றே எதிர்பார்த்தார்கள். அன்று காலை ஏழு வருட ஒப்பந்தம் போட்டு அவரை வைத்துக்கொண்டார்கள். 2021-22-இல் அவர் 52 கோல் அடித்தார். 2014 டிராஃப்டில் 118-ஆவதாக எடுத்த இகோர் ஷெஸ்டர்கின் ரஷ்யாவில் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். 2020 ஜனவரியில் முதல் ஆட்டம், 2022-இல் சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா விருது. அவருக்கு இடம் விட்டு ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2020 செப்டம்பரில் விடைபெற்றது மனதைக் கனக்கச் செய்த நாள். பதினைந்து பருவம் அந்தக் கோலைக் காத்தவர்.

எல்லாரையும் விற்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பஃபலோ சேபர்ஸ் இருக்கிறது. அவர்கள் 2013, 2014 டெட்லைன்களை ஒட்டி கேப்டன் ஜேசன் பொமின்வில், கோல்கீப்பர் ரயன் மில்லர் என்று விற்று, அணியை அடிமட்டம் வரை காலி செய்தார்கள். 2015 டிராஃப்டில் இரண்டாவது இடத்தில் ஜாக் ஐக்கல் கிடைத்தார். இருந்தும் 2011-க்குப் பிறகு தொடர்ந்து 14 பருவங்கள் பிளேஆஃபைப் பார்க்கவில்லை. லீக் வரலாற்றிலேயே மிக நீண்ட வறட்சி அது. பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இளைஞர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தேறிய கைகள் பக்கத்தில் போதவில்லை. 19 வயதுப் பையனுக்குக் காலி இடம் வேண்டும். ஆனால் தோல்வியை எப்படித் தாங்குவது, மறுநாள் பயிற்சிக்கு எப்படி வருவது என்று காட்ட ஒருவர் உடை மாற்றும் அறையில் இருக்கவும் வேண்டும்.

லாட்டரியைப் பற்றிக் கேட்பீர்கள். பிளேஆஃபுக்கு வராத அணிகளுக்கிடையே குலுக்கி முதல் பிக்குகளைத் தருகிறார்கள். கடைசி இடத்துக்கு வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை. 2019-இல் ஆறாவது இடத்திலிருந்து ரேஞ்சர்ஸ் இரண்டாவது பிக்குக்கு ஏறி காப்போ காக்கோவை எடுத்தது. 2020-இல் பெருந்தொற்றால் முறை மாறி, எட்டு அணிகளுக்கு ஆளுக்கு 12.5 சதவீத வாய்ப்பு. ரேஞ்சர்ஸுக்கே விழுந்தது. முதல் பிக்கில் அலெக்சி லாஃப்ரினியேர். இவ்வளவு அதிர்ஷ்டம் வந்தும், அணியைத் தூக்கி நிறுத்தியவர்கள் இந்த இருவர் இல்லை. காக்கோ 2024 டிசம்பரில் சியாட்டிலுக்குப் போய்விட்டார். லாஃப்ரினியேர் பனாரினின் வரிசையில் நிலையான இடம் பெற்ற 2023-24-இல்தான் 28 கோல் அடித்து மலர்ந்தார். வந்த முதல் வருடங்களில் இருவருக்கும் முதல் வரிசை நிமிடங்களும் பவர் பிளே (எதிரணி வீரர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) வாய்ப்பும் போதுமான அளவு கிடைக்கவில்லை என்பது என் திடமான எண்ணம். பனாரின், ஸிபனெஜாட், கிரைடர் இருந்ததால் அணி சீக்கிரமே நன்றாகிவிட்டது. நன்றாகிவிட்டதால் பையன்களுக்குக் காலியிடம் இல்லாமல் போயிற்று. காலியிடத்தால் எழுந்த அணி, அதைச் சீக்கிரமாக மூடிக்கொண்டது.

எத்தனை வருடம் என்ற கேள்விக்கு வருகிறேன். லீக் பட்டியலில் ரேஞ்சர்ஸுக்கு 2017-18-இல் 77 புள்ளிகள், 2018-19-இல் 78. அப்புறம் ஏற்றம். 2021 மே 5 அன்று, சேத்தருக்குப் பின் தலைவரான ஜான் டேவிட்சனையும் கார்ட்டனையும் பதவி நீக்கினார்கள். கட்டியவரின் கையில் அணி முழுதாக வளரும் முன்பே அவர் போனார். அடுத்த பருவத்தில் 110 புள்ளிகள். 2022 டெட்லைனில் ரேஞ்சர்ஸ் விற்கும் பக்கத்தில் இல்லை. ஆண்ட்ரூ காப், ஃபிராங்க் வட்ரானோ என்று வாங்கிக்கொண்டிருந்தது. கடிதத்திலிருந்து அந்த நாள் வரை நான்கு வருடம். முக்கியமான சிலரைக் கையில் வைத்திருந்த, பெரிய நட்சத்திரங்கள் வர விரும்பும் ஊரில் இருந்த, லாட்டரி இருமுறை கைகொடுத்த அணிக்கே நான்கு என்றால், மற்ற அணிகளுக்கு ஐந்து ஆறு என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

அந்த 2022-இல் கிழக்குப் பிரிவின் இறுதி வரை போனார்கள். முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று, அடுத்த நான்கையும் இழந்தார்கள். எதிரணி டாம்பா பே. 2020, 2021 கோப்பைகளை அந்த அணியோடு வென்றுவிட்டு, அந்தத் தொடரிலும் அவர்களுடைய தற்காப்பில் நின்றவர் ரயன் மெக்டோனா. அன்று அவரோடு போன ஜே.டி. மில்லர் 2025 ஜனவரியில் ரேஞ்சர்ஸுக்கே திரும்பி வந்து, அந்தச் செப்டம்பரில் கேப்டனானார்.

அதனால் உங்கள் அணி டெட்லைனில் என்ன வாங்கியது என்ற பட்டியலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு ஆட்டத்தை உட்கார்ந்து பாருங்கள். போன தற்காப்பு வீரரின் நிமிடங்களை யார் ஆடுகிறார், பவர் பிளேயில் எந்த இளைஞன் நிற்கிறான், தவறு செய்தபின் பயிற்சியாளர் அவனை அடுத்த சுற்றில் மறுபடி அனுப்புகிறாரா என்று கவனியுங்கள். அப்புறம் ஜூலை 1.